கூட வர ஓர் ஆள்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வெள்ளை வெளேரென்று, தூண்களும் வளைவுகளுமாக, ஏதோ ஐரோப்பிய நகரத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது போல் இருக்கும். அது யாருடைய ஞாபகமாக எழுந்தது தெரியுமா? கவர்னர் துரைக்காக அல்ல. போரில் ஜெயித்த தளபதிக்காகவும் அல்ல. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணுக்காக!

கதையைப் பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள். விஜயநகரத்து மன்னர் கிருஷ்ணதேவராயர் ஒரு நாள் மாலை இந்தப் பக்கமாக வந்தாராம். தீபங்கள் ஜொலித்த ஒரு மாளிகையைக் கண்டு, கோயில் என்று நினைத்துக் கைகூப்பினாராம். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று தெரிந்ததும் மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. 'இடித்துத் தள்ளுங்கள்' என்று உத்தரவு போட்டார். அந்த அம்மாள் காலில் விழுந்து, 'என் வீட்டை நானே இடித்துவிடுகிறேன். அந்த இடத்தில் ஜனங்களுக்கு ஒரு குளம் வெட்டிக் கொடுக்கிறேன்' என்று கேட்டுக்கொண்டாளாம். அப்படியே செய்தாளாம்.

பிறகு காலம் மாறியது, கொடியும் மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாளில் நகரத்துக்கு நல்ல குடிதண்ணீர் கிடைக்காமல் ஜனங்கள் அவதிப்பட்டார்கள். லமெரெஸ் என்ற இன்ஜினீயர் 1863-ம் வருஷம் முத்திரையர்பாளையத்து ஊற்று நீரை நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆயியின் கதை பிரான்ஸ் தேசத்துச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் காதுக்கு எட்டியது என்றும், 'அந்தப் பெண்ணின் பெயரால் ஒரு மண்டபம் கட்டுங்கள்' என்று அவர் சொன்னார் என்றும் கூறுகிறார்கள். இதில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று வழக்காடுவது நமது நோக்கமல்ல. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். குளம் வெட்டினவள் மேடை போட்டுக்கொள்ளவில்லை. இருந்த வீட்டையும் இழந்தாள். மண்டபம் வந்தது சில நூற்றாண்டுகள் கழித்து!

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

சால்வையும் கேடயமும்

புதுவையில் சேவைச் சங்கங்களுக்குக் குறைவில்லை. ரோட்டரி உண்டு, லயன்ஸ் உண்டு, இன்னும் பல உண்டு. வியாபாரிகள், டாக்டர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள் என்று பல தரத்தாரும் அங்கத்தினர்களாக இருக்கிறார்கள். வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை கூடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. நோட்டுப் புத்தகம் வாங்கும் மாணவன் ஒருவன். அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகள் பதினாறு!

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கனவான்களால் ஊருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிற சினேகிதர்கள் எனக்கு உண்டு. 'பணத்தை ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே! நடுவில் சங்கம் எதற்கு, கோட்டில் சின்னம் எதற்கு?' என்பது அவர்கள் கட்சி. கேள்வி நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடி நான் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் கதைக்கு முன்னால், இந்தச் சங்கங்கள் எப்படிப் பிறந்தன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

சிக்காகோவில் ஒரு கழிப்பிடம்

1905-ம் வருஷம் பிப்ரவரி 23-ம் தேதி, அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களுடன் உட்கார்ந்து பேசினார். பெரிய பட்டணத்தில் தனிமை அவரை வாட்டியது. ஒருவர் ஆபீசில் ஒரு தடவை, அடுத்தவர் ஆபீசில் அடுத்த தடவை என்று சுற்றிச் சுற்றிக் கூடினார்கள். அதனால்தான் 'ரோட்டரி' என்ற பெயர். உண்மையைச் சொன்னால், முதலில் அவர்களுக்குச் சேவை என்ற எண்ணமே கிடையாது! சினேகம் வளர வேண்டும், ஒருவர் கடைக்கு ஒருவர் வியாபாரம் கொடுக்க வேண்டும் – அவ்வளவுதான்.

மறு வருஷம் டொனால்ட் கார்ட்டர் என்ற இன்னொரு வக்கீலைச் சேரும்படி அழைத்தார்கள். அவர் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டு, தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்ளும் சங்கம் நீடிக்காது, ஊருக்கு ஏதாவது செய்தால் அல்லவா அதற்கு அர்த்தம் என்று மறுத்துவிட்டார். பால் ஹாரிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதையே சங்கத்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்து, அவரையும் அங்கத்தினராக்கிக்கொண்டார். சேர மறுத்தவர்தான் சங்கத்தின் தலையெழுத்தை மாற்றினார் என்று சொல்லலாம்.

சரி, அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பெரிய பொதுக் காரியம் என்ன? கோபுரமா, சிலையா? 1907-ல் நகரத்தின் நடுவே பொதுக் கழிப்பிடம் ஒன்று வேண்டும் என்று கிளம்பினார்கள்! அதற்கும் எதிர்ப்பு வந்தது. எங்கள் மதுக்கடைகளில்தான் வசதி இருக்கிறதே என்றார்கள் சாராய முதலாளிகள். எங்கள் கடைகளில் இருக்கிறதே என்றார்கள் பெரிய ஜவுளிக் கடைக்காரர்கள். ஒன்றும் வாங்காதவன் எங்கே போவான் என்பதுதான் ரோட்டரிக்காரர்களின் கேள்வி. கடைசியில் கழிப்பிடம் கட்டப்பட்டது.

லயன்ஸ் சங்கமும் அதே சிக்காகோவில் 1917-ல் முளைத்தது. மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் அதற்கு மூலபுருஷர். 1925-ல் அவர்களுடைய மகாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் அம்மையார் வந்தார். கண்ணும் காதும் இல்லாமலே கல்வியில் உயர்ந்த அந்த அம்மையார், பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். அன்று முதல் கண் சம்பந்தமான காரியம் லயன்ஸ் சங்கத்தின் முதல் காரியமாகிவிட்டது. பார்வையற்றவர்கள் கையில் வெள்ளைக் கோலைப் பார்க்கிறோமே, அது அமெரிக்காவில் பரவியதில் பியோரியா என்ற ஊரின் லயன்ஸ் சங்கத்துக்கு, 1930 முதற்கொண்டு, பெரிய பங்கு உண்டு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு சங்கங்களும் வெகு காலம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. லயன்ஸ் 1987-லும், ரோட்டரி 1989-லும்தான் கதவைத் திறந்தன. ஆயி அம்மாள் விண்ணப்பம் போட்டிருந்தால் தள்ளுபடி ஆகியிருக்கும்!

அமெரிக்காக்காரன் சொல்லித்தான் தெரியுமா?

பத்துப் பேர் சேர்ந்து உபகாரம் செய்வதைப் புதுவை ஜனங்கள் சிக்காகோவிடம் கற்றுக்கொண்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலத்திலேயே வாசகசாலை வைத்தும், ஹரிஜன சேவா சங்கம் வைத்தும் வாலிபர்கள் இங்கே உழைத்திருக்கிறார்கள். பின்னால் தொழிலாளர் தலைவராகப் புகழ்பெற்ற வ. சுப்பையா அந்த வாலிபர்களில் ஒருவர். மகாத்மா காந்தி ஹரிஜன யாத்திரையாக வந்து, 1934-ம் வருஷம் பிப்ரவரி 17-ம் தேதி புதுவை மண்ணை மிதித்ததில் அவருடைய முயற்சிக்குப் பங்கு உண்டு.

பிறகு 1962-ல் பெல்ஜியம் தேசத்திலிருந்து வந்த மதலேன் என்ற இளம்பெண் இங்கே ஏழைகளுக்காக ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். அதன் பெயர் 'வொலொந்தாரியா'. பிரெஞ்சு தெரிந்த புதுவைப் பெரியவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. 'தொண்டூழியம்' என்பதுதான் அதன் அர்த்தம்.

இலவசம் என்றால் போதுமா?

இனி நான் சொன்ன பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அங்கே நடந்தது கண் சிகிச்சை முகாம். அதைப் புரிந்துகொள்ள ஒரு டாக்டரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் கண்டு, கை விரல்கள் கோணிப்போயின. எழுந்து நடப்பதே கஷ்டமாக இருந்த மனிதர், அந்தக் கோணல் விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் வைத்தியரானார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு ரண சிகிச்சை செய்தார் என்றால் நம்ப முடிகிறதா? சர்க்கார் உத்தியோகத்திலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். புதுவை ஆசிரமத்தில் ஈடுபாடு கொண்டவர் ஆதலால், ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு வைத்தார். அந்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கிளை ஒன்று 2003-ல் புதுவைக்கே வந்து, கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் நடக்கிறது.

வயதானவர்களின் கண்ணில் புரை விழுகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை பால் போல் மங்கிவிடுவதுதான் புரை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை ஒன்றை வைத்தால் பார்வை திரும்புகிறது. ஒரு காலத்தில் அந்த வில்லையை வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்குத் தருவிக்க வேண்டும். 1992 முதல் மதுரையிலேயே மிகக் குறைந்த விலைக்குச் செய்கிறார்கள். கைதேர்ந்த டாக்டருக்கு இது சில நிமிஷ வேலை. ஏழைகளுக்குச் செலவும் இல்லை. அப்படியானால் புரை விழுந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்துவிட வேண்டாமா? அதுதான் இல்லை!

சிகிச்சை இலவசமாக இருந்தும் கிராமத்து ஜனங்களில் பலர் வராமலே இருந்ததைக் கண்டு, ஏன் என்று டாக்டர்கள் விசாரித்தார்கள். பஸ் கட்டணம், போகிற இடத்தில் சாப்பாடு, கூட வருகிறவருக்கு நஷ்டமாகும் கூலி, எல்லாவற்றுக்கும் மேல் பயம். 'இலவச' சிகிச்சைக்கு ஏழை கொடுக்க வேண்டிய விலை இது. டாக்டரின் கத்தி இதைத் தீர்க்காது. இங்கேதான் சங்கம் வேண்டியிருக்கிறது. முகாமுக்கு இடம் பார்ப்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொல்வது, வந்தவர்களை வரிசையில் உட்கார வைப்பது, பகல் சாப்பாடு போடுவது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. சோதிப்பதும் ரண சிகிச்சையும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. முன்னெல்லாம் பள்ளிக்கூட அறையிலேயே மேஜை போட்டு ரண சிகிச்சையும் செய்துவிடுவார்கள். சுத்தம் போதாது, கண்ணில் சீழ் பிடித்துவிடும் என்பதால் இப்போது பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போகிறார்கள்.

மூன்று ஆடுகள்

சில வருஷங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. புதுவைப் பட்டணமே காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலை நேரத்தில், நான் பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். முகாமை நடத்திய சங்கத்தின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்கள் விளம்பரத்தை விரும்பவில்லை.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கிழவி. இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் அம்மாள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பஸ் தயாராக நிற்கிறது. கிழவி மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாள்.

"இந்த வயசுல இன்னும் எதைப் பார்க்கப் போறேன் சாமி? பார்த்தது போதும். நான் வூட்டுக்குப் போறேன்."

வாலிபத் தொண்டர் ஒருவர் அவளுக்குக் கண்ணின் அருமையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்தார். பலிக்கவில்லை. அப்போது ஓர் ஐம்பத்தைந்து வயதுக்காரர் வந்து அவள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நகரத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர். சங்கத்தில் வெறும் அங்கத்தினர்.

"ஆயா, வூட்டுல யாரு இருக்காங்க?"

"மவன் மெட்ராசுல. மருமவ களை எடுக்கப் போவுது."

"ஆடு மாடு இருக்குதா?"

கிழவி சற்றுத் தயங்கினாள். "மூணு ஆடு இருக்குது தம்பி. ஒண்ணு சினை."

"குட்டி போட எத்தினி நாள் இருக்கும்?"

"பத்து நாள் இருக்கும்."

"அப்போ அதுக்குள்ள திரும்பிடலாம். ரெண்டு நாள் ஆட்டை யார் பார்த்துக்குவாங்கன்னுதானே யோசிக்கிற?"

கிழவி பதில் சொல்லவில்லை. ஆனால் தூணைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இரும்புக் கடைக்காரர் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு அவள் தெருவுக்கு நடந்தார். பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஆட்டை ஒப்படைத்தார். மருமகளுக்கும் சொல்லி அனுப்பினார். கிழவியின் மாற்றுப் புடவையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பினார்.

"நீயும் கூட வர்றியா தம்பி?"

"நான் வராம? உன் பை என் கையில இல்ல இருக்குது!"

கிழவி பஸ்ஸில் ஏறினாள். அவரும் ஏறினார். என் சினேகிதர்களின் கேள்விக்குப் பதில் அந்தப் பஸ்ஸில் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பணத்தை நேராக அனுப்பலாம்; ஆட்டுக்கு ஆள் பார்க்கப் பணத்தை அனுப்ப முடியுமா?

போலியோ ஒழிந்த கதையும் இப்படித்தான். வாயில் விடுவது இரண்டு சொட்டு மருந்து. அதில் வித்தை ஒன்றுமில்லை. கோடிக்கணக்கான குழந்தைகளை ஒரே நாளில் மருந்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வித்தை. 1985 முதல் ரோட்டரிக்காரர்கள் அதை உலகம் முழுவதும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் 1995-ல் தேசம் முழுவதும் சொட்டு மருந்து முகாம்கள் ஆரம்பமானபோது, சர்க்கார் ஊழியர்களுடன் சங்கத்துக்காரர்களும் பஸ் நிலையத்திலும் ரயிலடியிலும் நின்றார்கள். வீடு வீடாகப் போனார்கள். குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச்சு 27-ம் தேதி இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது.

ஜூலை மாதத்து ஆபத்து

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு சண்டையும் போட வேண்டும். இந்தச் சங்கங்களுக்கு வருஷம் பிறப்பது ஜூலை முதல் தேதி. அன்றோடு பழைய தலைவர் போய்ப் புதுத் தலைவர் வருகிறார். காரியதரிசியும் மாறுகிறார். அதிகாரம் ஒருவர் கையிலேயே தங்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் புதுத் தலைவருக்குப் புதுத் திட்டம் வேண்டியிருக்கிறது. போன வருஷத்து முகாம் போன வருஷத்துத் தலைவரின் முகாம் அல்லவா!

கண்ணில் ரண சிகிச்சை நடந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். புண் ஆறியிருக்கிறதா, கண்ணாடி தேவையா என்று சோதிக்க வேண்டும். டாக்டர்கள் அதே கிராமத்துக்கு வருவார்கள். ஜனங்களுக்குச் சொல்லி அழைத்து வர வேண்டியது சங்கம். முகாம் ஜூனில்; மறு சோதனை ஜூலையில். நடுவே நிற்கிறது பதவியேற்பு விழா! டாக்டர்கள் வந்து காத்திருக்க, அழைத்து வர ஆளில்லாமல் பாதிப் பேர் வராமல் போன இடத்தை நானே பார்த்திருக்கிறேன். முதல் நாள் படத்தில் முப்பது பேர் நின்றார்கள். மறு சோதனைக்குப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. அதனால் நிற்கவும் யாரும் இல்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: முகாமுக்கென்று ஒரு குழு வேண்டும். தலைவர் மாறினாலும் அந்தக் குழு மூன்று வருஷமாவது மாறக் கூடாது. அதே கிராமம், அதே மாதம், அதே முகங்கள் என்று இருந்தால் இரண்டாம் வருஷம் ஒலிபெருக்கிகூட வேண்டாம். போன வருஷம் போய் வந்த கிழவியே பத்துப் பேரை அழைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்த ஜூலையிலும் மறு சோதனையும் பதவியேற்பு விழாவும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து சேர்ந்தன. நகரத்தில் பெரிய ஓட்டலில் விழா. மாலை, சால்வை, விருந்து எல்லாம். வரவேற்புக் குழுவில் இரும்புக் கடைக்காரரின் பெயரும் அச்சாகியிருந்தது. மனிதர் காலை ஏழு மணிக்கே தம் ஸ்கூட்டரில் கிராமத்துக்கு வந்துவிட்டார். சால்வை ஒன்று நஷ்டம்!

தெருத்தெருவாகப் போய் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார். அந்தக் கிழவியை அழைத்து வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தானே நடந்து வந்து, வராந்தாவில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் பொட்டலம் போல் ஓர் ஆட்டுக்குட்டி.

"ரெண்டு குட்டி. ரெண்டும் பொட்டை" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை மட்டும் யாரையோ தேடியது. இரும்புக் கடைக்காரர் எதிரிலேயே நின்று பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டித் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆயா, சௌக்கியமா?" என்றார் அவர்.

கிழவி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். வழுக்கைத் தலையையும் நரைத்த மீசையையும் நிதானமாகப் பார்த்தாள்.

"அடப் பாவமே! நீதானா அது? குரலைக் கேட்டு வயசுப் புள்ளைன்னு இல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன்!"